ராத்தாவின் இங்கிலீஷ்

ராத்தாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் கடலலையில் சறுக்க வரும் அலைக்காரர்களிடமிருந்து வந்தது. அதில் நேற்று, நாளை என்ற பேதம் இல்லை. மரியாதைச் சொல் என்று ஒன்றும் இல்லை. ஆண், பெண், குழந்தை, கிழவர், பொலிஸ்காரர் எல்லோரும் அவருக்கு ‘டியூட்’தான். அந்தச் சொல்லுக்குக் கிட்டத்தட்ட மச்சான் என்று அர்த்தம் என நான் ஒருமுறை சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப இனி பொம்புளையளுக்கு மட்டும் சொல்றன் தம்பி” என்றார். அடுத்த நாளே மறந்துவிட்டார்.

கிழக்கிலங்கையில், அறுகம்பைக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். நான் பக்கத்தில் ரொட்டிக் கடை போட்டிருந்தேன். இருவருக்கும் ஊர் கல்முனை. சீசன் தொடங்க பஸ் ஏறி வருவோம். காற்று மாறிக் கடல் குழம்பியதும் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போவோம். முஸ்லிம்களான நாங்கள் மூத்த சகோதரியை ராத்தா என்று கூப்பிடுவோம். வெளிநாட்டுக்காரர்கள் அதை அவருடைய பெயர் என்றே நினைத்திருந்தார்கள். அவரும் திருத்தவில்லை.

கடையைத் தொடங்கியவர் அவருடைய புருஷன். இரண்டாவது சீசனிலேயே மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் ராத்தா கடையை விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரோ கறுப்பு அபாயாவோடு வந்து இறங்கி, பூட்டைத் திறந்து, பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிச் சாத்தி வைத்தார். ஒற்றை மகளைக் கல்முனையில் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தார், படிப்புக் கெடக்கூடாது என்று. அன்றைக்கு அவருக்கு இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும்.

பலகை எடுக்க வருகிறவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கேட்டே மிச்சத்தைப் பிடித்தார். அலைக்காரர்களின் பேச்சு தனி. காற்றில்லாத காலையில் கடல் கண்ணாடிபோல் கிடந்தால் அது ‘கிளாஸி’. ஆளை அள்ளிக்கொண்டு போய் அடிக்கிற அலை ‘நார்லி’. மனம் நிறைந்து துள்ளுகிறவன் ‘ஸ்டோக்ட்’. ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்தவன்போல் பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் ‘கூக்’. ராத்தா இவற்றை அலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பலகையில் விழும் அடிக்கு ‘டிங்’ என்று பெயர். குனிய முடியாமல் நாரி பிடித்துக்கொண்ட ஒரு நாள் பொத்துவிலில் டொக்டரிடம் போய், “சேர், எனக்கு நாரியில ஒரு டிங்” என்றாராம். டொக்டர் அதை ஏதோ நோயின் பெயரென்று நினைத்து, யார் சொன்னது, எங்கே காட்டினீர்கள் என்று விசாரித்திருக்கிறார்.

பலகையில் வலது காலை முன்னால் வைத்து நிற்பவனை ‘கூஃபி’ என்பார்கள். பலகை எடுத்துக் கொடுக்குமுன் அதைக் கேட்பது வழக்கம். ராத்தா கேட்கமாட்டார், ஆள் கடைக்குள் காலெடுத்து வைப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருநாள் புதிதாக மாற்றலாகி வந்த பொலிஸ் அதிகாரி ஒருவர் கடைகளைப் பார்வையிட வந்தார். அவர் படி தாண்டியதும் ராத்தா மகிழ்ச்சியோடு, “சேர், யூ கூஃபி!” என்றார். அந்தச் சொல்லுக்குச் சாதாரண இங்கிலீஷில் கோமாளி என்றுதான் பொருள். அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் ரொட்டித் தட்டையும் விட்டுவிட்டு ஓடினேன். நான் அதிகாரியின் காலைக் காட்டி, பலகையைக் காட்டி, விளங்கப்படுத்தி முடிக்க ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் ஆனது. கடைசியில் அவர் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு, “அது எப்படி இவவுக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

நான் துபாயில் ஹோட்டல் வேலை செய்தவன். எனக்குத் தெரிந்தது மேசை துடைக்கிற இங்கிலீஷ். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பாதியை விழுங்கிவிடுவேன். ராத்தாவிடம் அந்தப் பயம் கிடையாது. வாயில் வந்ததைச் சொல்வார். சொல்லக்கூடாததையும் சொல்வார். பலகையில் விரிசல் இருந்தால், எடுக்க வந்தவன் கேட்குமுன்னே, “திஸ் ஒன் டிங், டியூட், நோ குட்” என்று தானே காட்டிக் கொடுப்பார். எனக்கு அது வியாபாரத்துக்கு உதவாத பழக்கமாகவே தெரிந்தது.

அவருடைய வாயை அடைத்தது மகள்தான்.

மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் கம்பியூட்டர்கள் வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ராத்தா வெள்ளைக்காரர்களோடு பழகுகிறவர் என்பதால், பெற்றோர் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பள்ளிக்கூட அதிபர் மைக்கைக் கொடுத்துவிட்டார். ராத்தா தயங்கவே இல்லை. “டியூட், வீ ஆர் ஸோ ஸ்டோக்ட். யுவர் கம்பியூட்டர்ஸ் ஆர் சிக்” என்றார். அலைக்காரர் பேச்சில் ‘சிக்’ என்றால் அபாரம். வெளிநாட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினார். மண்டபத்தில் இருந்த மற்றவர்களுக்கோ, கம்பியூட்டர்களுக்கு வருத்தம், சுகமில்லை என்றுதான் காதில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கவில்லையாம்.

வீட்டுக்குப் போனதும் மகள் சொல்லியிருக்கிறாள்: “உம்மா, நீங்க கதைக்கிறது இங்கிலீஷே இல்ல. றோட்டுப் பாஷ. இனி என்ட ஸ்கூலுக்கு வந்து வாயத் திறந்திராதீங்க.”

இதை ராத்தாவே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, “அவள் படிச்ச புள்ள. அவளுக்குத் தெரியும்தானே தம்பி” என்றார்.

சீசன் இல்லாத மாதங்களில் கல்முனையில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மாடியில் நடந்த ஒரு இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். பொடியன்களுக்கும் பெட்டைகளுக்கும் நடுவில் முதல் வாங்கில் உட்கார்ந்து படித்தார். அடுத்த சீசனில் கடை திறந்தபோது ராத்தா வேறொரு ஆள். “குட் மோர்னிங், சேர். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?” என்பார். பலகை திருப்பிக் கொண்டு வந்தால், “தேங்க் யூ, கம் அகேன்.” அவ்வளவுதான். அதற்கு மேல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது கைவசம் இல்லாததால் பேசாமல் இருந்துவிடுவார். பழைய ஆட்கள் என் கடைக்கு வந்து, ராத்தாவுக்குத் தங்கள் மேல் என்ன கோபம் என்று விசாரித்தார்கள்.

அந்த சீசனில்தான் நியூசிலாந்துப் பொடியன் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பலகை அவனுடையதையே கொண்டு வந்திருந்தான், ஆனாலும் கடைக்குத் தினமும் வருவான். “குட் மோர்னிங், சேர்” என்று ராத்தா சொன்னால் திரும்பி, தனக்குப் பின்னால் யாரோ சேர் நிற்கிறார் என்பதுபோல் தேடிப் பார்ப்பான். ராத்தா சிரிப்பை அடக்குவார். ஒருநாள் அடக்க முடியாமல், “ஷட் அப், கூக்” என்றுவிட்டார். அவன் கடை வாசலில் மண்டியிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினான். அதன் பிறகு அவனோடு மட்டும் பழைய பாஷை. மற்ற எல்லோருக்கும் வகுப்பு இங்கிலீஷ். ஓகஸ்ட் விடுமுறைக்கு மகள் வந்து கடையில் நின்றபோதுகூட, அவள் உள்ளே போகும் நேரம் பார்த்து இருவரும் கதைத்துக்கொள்வார்கள்.

மகள் நின்ற அந்த விடுமுறையில்தான் அது நடந்தது.

காலையில் கடல் பெரிதாகவும் சுத்தமாகவும் இருந்தது. பொடியன் ஓடி வந்தான். பலகையையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டுகிற கால்கயிறு, அவர்கள் சொல்லும் ‘லீஷ்’, முந்தின நாள் அறுந்துவிட்டிருந்தது. புதியதைத் தேட அவனுக்குப் பொறுமை இல்லை. ராத்தாவின் கடையில் ஆணியில் தொங்கிய ஒன்றை எடுத்தான். என் கடையில் ஒரு ரொட்டியை நின்றபடியே வாயில் திணித்துக்கொண்டு, பெரிய அலை உடைகிற மெயின் பொயிண்ட் பக்கம் ஓடினான்.

பிறகு கடலில் நின்றவர்கள் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். பெரிய அலை ஒன்றில் விழுந்தான். கால்கயிறு அறுந்தது. விடுபட்ட பலகையை அடுத்த அலை தூக்கி வந்து தலையில் அடித்தது. கீழே பாறை பரவிய கற்பார். தேடி எடுத்துக் கரைக்குக் கொண்டு வந்தபோது மூச்சு இல்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், பலன் இல்லை. ஓட்டோ வருமுன் கரையில் கிடத்தியிருந்தபோது ராத்தாவும் நானும் போய்ப் பார்த்தோம். அவன் கணுக்காலில் அறுந்த கயிற்றின் துண்டு அப்படியே இருந்தது. ராத்தா முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொலிஸார் வந்து எல்லோரிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். கயிறு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. விபத்து என்று முடிந்தது.

சில நாட்களில் தாயும் தகப்பனும் வந்தார்கள். அவன் பழகிய இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார்களாம். அவன் தங்கியிருந்த விடுதிக்காரர் முதலில் என் கடைக்கும் பிறகு பலகைக் கடைக்கும் கூட்டி வந்தார். அவர்கள் வருவது முன்பே தெரிந்திருந்ததால் மகள் உம்மாவுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தாள். காலையிலிருந்து ராத்தா அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நான் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. முக்கியமான இடங்களைத் தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

“ஐ ஆம் வெரி ஸொறி ஃபோர் யுவர் லொஸ்” என்றார் ராத்தா. பிழையில்லாமல் சொன்னார்.

தாய் தலையாட்டினாள். அந்த வசனத்தை எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருப்பார்கள். தகப்பன் சுவரில் சாத்தியிருந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் நல்லவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியும்” என்றாள் தாய். “அன்றைக்குக் காலையில் அவன் எப்படி இருந்தான்? அதை ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.”

ராத்தா மகளைப் பார்த்தார். மகளிடம் அதற்கு வசனம் இல்லை.

“ஹி வாஸ் ஃபுரோத்திங்” என்றார் ராத்தா.

நுரை தள்ளிக்கொண்டு நின்றான் என்று அதற்கு நேர்ப்பொருள். சந்தோஷம் உள்ளே அடங்காமல் பொங்கி வழிகிறவனை அலைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். தாய் நிமிர்ந்தாள்.

“இன்னொருமுறை சொல்லுங்கள்.”

“ஃபுரோத்திங், டியூட். ஸோ ஸ்டோக்ட். ஹி ரன், ஹி ஷவுட், ராத்தா, ராத்தா, இட்ஸ் கிளாஸி, இட்ஸ் சிக்!” ராத்தாவின் கை அவன் கை ஆடுவதைப் போலவே ஆடியது. அவன் குரல் ஏறி இறங்குகிற மாதிரியே அவர் குரலும் ஏறி இறங்கியது. அவர் எப்போதும் அப்படித்தான் கதைத்தார். யாருடைய வாயிலிருந்து எடுத்தாரோ, அவருடைய ராகத்தோடுதான் சொல் வரும். “ஹி ஈட் ரொட்டி, ஸ்டாண்டிங். ஐ டெல் ஹிம், சிட், கூக், சிட் அண்ட் ஈட்.”

தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அவன் சின்ன வயதிலும் உட்கார்ந்து சாப்பிடமாட்டான்” என்றாள். தகப்பனும் இப்போது ராத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்தா நிறுத்தியிருக்கலாம். அந்தக் காலையைப் பற்றி அதோடு போதும். ஆனால் கதை ஆணியில் தொங்கிய கயிற்றுக்கு வந்துகொண்டிருந்தது. மகளுக்கு அது விளங்கிவிட்டது. உம்மாவின் கையைப் பிடித்தாள்.

“உம்மா, அதச் சொல்லாதீங்க. ஒருத்தரும் கேக்கல்ல.”

“கேக்காட்டி?” என்றார் ராத்தா. “அவங்கட புள்ளதானே.”

திரும்பித் தகப்பனிடம் சொன்னார்: “லீஷ், மை லீஷ். ஹிஸ் லீஷ் புரோக்கன், ஹி டேக் மை லீஷ். ஓல்ட் லீஷ். ஸ்னாப்ட்.” அந்தக் கடைசிச் சொல்லோடு இரண்டு கையாலும் எதையோ இழுத்து அறுப்பதுபோல் காட்டினார்.

தகப்பன் எழுந்தார். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை. அவர் வெளியே போய், மணலில் இறங்கி, கடலைப் பார்க்க நடந்தார்.

தாய் போகவில்லை. அவர் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, “வேறு ஏதாவது சொன்னானா?” என்று கேட்டாள்.

சொன்னான் என்றார் ராத்தா. பின்னேரம் வருகிறேன், உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, பேபி பொயிண்டில் பிம்மி பிடிக்கலாம் என்றானாம்.

“என்ன பிடிக்கலாம் என்றான்?”

“பிம்மி.” தாய்க்கு அது தெரியாது என்று ராத்தா நினைத்திருக்க வேண்டும். உள்ளங்கையைத் தாழப் பிடித்து மெதுவாகத் தள்ளிக் காட்டினார். சின்ன அலை. உடைந்து அடிக்காமல், ஆளை மெல்ல ஏந்திக் கரைவரை கொண்டு வந்து விடுகிற அலை. அலைச்சறுக்கில் அப்படி ஒரு சொல் இருக்கிறது, எல்லோரும் சொல்வார்கள் என்றார்.

உண்மைதான். அந்த சீசனில் பேபி பொயிண்டில் பழக வந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் பொடியன்களும் சொன்னார்கள். நானும் அதை அலைக்காரர் சொல் என்றே நினைத்திருந்தேன்.

தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். அது எந்த அலைக்காரரின் சொல்லும் இல்லை. நடக்கத் தொடங்கிய வயதில், குளிக்கிற தொட்டியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளுவானாம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிற அந்தச் சின்ன அலைக்கு அவனாக வைத்த பெயர் அது. அவர்கள் வீட்டுக்கு வெளியே அந்தச் சொல் போனதே இல்லை. அவளே அதைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது.

ராத்தா தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மகள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலையில் தகப்பன் தனியாக வந்தார். கடையில் இருந்த கால்கயிறுகள் எல்லாவற்றையும் எடுத்து வரும்படி கையால் காட்டினார். ராத்தா கொண்டு வந்து பாயில் போட்டார். தகப்பன் சம்மணம் கொட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்தார், வளைத்துப் பார்த்தார், முழங்காலில் மாட்டிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். சந்தேகமானவற்றைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஒரு பக்கம் போட்டார். ராத்தா எதிரில் உட்கார்ந்து அடுத்ததை எடுத்து எடுத்துக் கொடுத்தார். நான் இரண்டு முறை பிளேன்டீ கொண்டு போய் வைத்தேன், இரண்டு முறையும் ஆறிப்போய்த் திரும்பி வந்தது. முடிந்ததும் அவர் நல்ல கயிறுகளைத் தானே ஆணிகளில் மாட்டினார். வெட்டியவற்றை அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர்கள் புறப்படுகிற அன்று தாய் வந்தாள். அந்தச் சொல்லை இனி யாரும் பாவிக்காமல் பொடியன்களிடம் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் வீட்டுச் சொல் என்றார் ராத்தா. தாய் வேண்டாம் என்றாள். கரையில் அவள் கேட்டுக்கொண்டுதான் வந்தாளாம். சின்னப் பிள்ளை ஒன்று தண்ணீருக்குள் நின்று அதைச் சொல்லிக் கத்தியதாம்.

“அப்படியே கத்தட்டும்” என்றாள். “யாருடைய சொல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் மெல்லமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.”

அதனால்தான் நானும் இங்கே அந்தச் சொல்லை எழுதவில்லை. பிம்மி என்பது அதற்குப் பதிலாக நானே வைத்தது.

ராத்தா அதற்குப் பிறகும் சில சீசன் கடை நடத்தினார். மாடி வகுப்புக்குத் திரும்பப் போகவில்லை. மகள் அவரைத் திருத்தி நான் கேட்கவும் இல்லை. பழையபடி எல்லோரும் டியூட் ஆனார்கள். புதுச் சொற்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஆளைக் கண்டதும் கேட்டது, கேட்காதது எல்லாம் சொன்னார். கடைசியில் மகளுக்குக் கலியாணம் முடிந்து பேரப்பிள்ளையும் வந்ததும், கடையைக் கொடுத்துவிட்டுக் கல்முனையோடு நின்றுவிட்டார்.

அவருடைய கடைசி சீசனில் ஒருநாள், தலைமுடியை உச்சியில் முடிந்த ஒரு வெள்ளைக்காரன் கடை வாசலில் நின்று, தன்னிடம் பழக வந்தவர்களுக்கு அலைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். சின்ன அலைக்கான அந்தச் சொல்லுக்கு வந்ததும், இது மிகப் பழைய ஹவாய்ச் சொல், அங்கே மீனவர்கள் சொல்லி வந்தது என்று விளக்கினான். அருகில் நின்ற ராத்தாவிடம், உங்களுக்கு இது தெரிந்திருக்காது என்றும் சொன்னான்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். கை ஒருகணம் நின்றது. பிறகு, “நோ, டியூட். ஐ டோண்ட் நோ” என்று சொல்லிவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.